கூட்டப் பெருமையும் கோயில் ஏடும்

கொங்கில் கூட்ட வரலாற்றுப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆந்தை கூட்டம், காடை கூட்டம் என்று கூட்டத்துக்கு ஒரு புத்தகம். பட்டயம், காணிக்கோயில், ஆதாரத்துக்குக் 'கொங்கு மண்டல சதகம்'. ஐரோப்பியப் பிரபு கேடயத்தில் சிங்கம் வரைந்துகொண்ட கதைதான்; இங்கே பறவை. சரி, அந்தக் காணிக்கோயிலில் பறையடித்தவன் பேர் என்ன? நான் புரட்டியவற்றில் அவனுக்குச் சாதிப்பேர் உண்டு, ஆள்பேர் இல்லை.

மாதாரிகளுக்கும் வீட்டுப்பேர் இருக்கிறது, தெலுங்கில். கல்யாணம் பேசும்போது "ஒரே வீட்டுப்பேரா? அப்ப அண்ணன் தங்கச்சிடா" என்று ஆத்தா ஒரே பேச்சில் முடித்துவிடுவாள். இதை வம்சாவளி என்று எந்தப் புலவர் ஏற்பார்?

நம் பாட்டன் பூட்டன் பேர் எழுத்தில் ஏறிய ஓர் இடம் ஞானஸ்நான ஏடு: தேதி, தாய், தகப்பன், ஞானப்பெற்றோர். ஆனால் 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானப் பதிவையும் கணக்கில் எடுத்துத்தான் உச்சநீதிமன்றம் சாதிச் சான்றிதழை மறுத்தது. பண்ணாடிக்கு ஏடு கிடைத்தால் கோயிலில் முதல் மரியாதை. நமக்குக் கிடைத்தால் சர்ட்டிபிகேட்டே போகுது.

பங்கு ஏட்டில் தாத்தனைத் தேடும் தோழர்கள் இதைத் தெரிந்தே தேடுங்கள். ஆத்தாக்கள் இருக்கும்போதே வீட்டுப்பேரைக் கேட்டு எழுதுங்கள்.