உட்பகை எது?

சிறு பெரும்பான்மையால் ஆளும் கட்சியில் ஒருவர் மாறுபட்டுப் பேசினால், மேடையினர் உடனே திருக்குறளின் ‘உட்பகை’ அதிகாரத்தை எடுத்தாளுகின்றனர். இது பொருந்துமா? புறப்பகைக்கு இடங்கொடுத்து, அது வெல்லுமளவும் உள்ளே தங்கி நிற்பதே உட்பகை என்பது பரிமேலழகர் கருத்து. செப்பும் மூடியும்போல் பொருந்தித் தோன்றுவது அதன் இயல்பு. முகத்துக்கு நேரே கடிந்துரைப்பவன் அவ்வாறு தோன்றுவதில்லை. அவனுக்குரிய இடம் ‘பெரியாரைத் துணைக்கோடல்’. மேடையினர் அதிகாரம் மாறிவிட்டனர். ஆசிரியரிலும் சிலர் அவ்வாறே நடத்துகின்றனர்.

நம் அண்டை மாநிலமாகிய பேராக்கை நோக்குக. 2008 தேர்தலில் மூன்று கட்சிகள் சேர்ந்து 59 இடங்களுள் 31 பெற்று ஆட்சி அமைத்தன. இருவர் நகர்ந்தாலே பெரும்பான்மை போய்விடும். 2009 பிப்ரவரியில் மூவர் விலகினர், ஆட்சி கவிழ்ந்தது. இத்தகைய நெருக்கடியில் தலைவர்கள் குறை கூறுவோரின் வாயை அடக்க விழைவர். அடக்கப்பட்டவனோ கட்சியை விட்டுப் போவதில்லை, பேசுவதுமில்லை. நேற்றுவரை கடிந்துரைத்தவன் இன்று செப்பின் மூடியாகிறான். உட்பகையைத் தேடிய தலைவரே அதனை ஆக்கிவிடுகிறார்.

நாடாளுமன்றம் 2022-இல் இயற்றிய கட்சித்தாவல் தடைத் திருத்தமும், கட்சியை விட்டு விலகும் உறுப்பினரின் இடத்தையே பறிக்கிறது. விலகாமல் உள்ளேயே இருந்து பகைப்பவனை அது தொடுவதில்லை.