பனியனின் விலாவில் ஐந்து படங்கள்

திருப்பூர் பனியன் ஒன்றை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக்கில் சேர்த்துப் பிடித்த வழுவழுப்பான வாஷ்கேர் லேபிளில் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என ஐந்து குட்டிப் படங்கள் வரிசையாக நிற்கும். துவைப்பது, வெளுப்பது, காயவைப்பது, தேய்ப்பது, டிரைகிளீனிங்குக்குக் கொடுப்பது.

1963இல் பாரிஸில் தொடங்கிய ஜினெடெக்ஸ் அமைப்பு வளர்த்தெடுத்த குறிகள் இவை. பின்னர் ஐஎஸ்ஓ 3758 என்ற தரமாகவும் ஆயின. ஒரே ஆர்டர் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போகிறதென்றால், அத்தனை மொழியையும் அச்சடிக்க இரண்டு விரல் அகல நாடாவில் இடமேது?

இஸ்திரிப்பெட்டிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வயிற்றில் ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி வரை, இரண்டென்றால் 150, மூன்றென்றால் 200. ஓர் எழுத்துகூட இல்லாமல் சூட்டை அளந்து சொல்லிவிடுகிறது! பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் தமிழ் படித்தவரும் ஒடியா படித்தவரும் அதை ஒரே பார்வையில் சரிபார்த்துவிடலாம்.

எல்லாப் படமும் இப்படி இல்லை. சதுரத்தின் மூலையில் இரண்டு சாய்கோடு போட்டால் நிழலில் காயப்போட வேண்டுமாம். சொல்லித் தராமல் யாருக்குப் புரியும்? பிரிண்ட் போட்ட டி-ஷர்ட்டில் ‘பிரிண்ட் மேல் தேய்க்காதீர்கள்’ என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவோ 1971இல் கொண்டுவந்த விதியில் சொற்களையே கேட்டது. சொற்கள் இல்லாத வெறும் குறிகளுக்கு 1997இல்தான் வழிவிட்டது. அங்கே போகும் பனியன்கள் பலவற்றில் இன்றும் முழு வாக்கியங்களைப் பார்க்கலாம்.