எது எளிதில் தோன்றும்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலை உட்பட அந்தப் பாதை நெடுகக் கோயில்கள், உண்டியல்கள். உண்டியல் பூட்டின்மேல் துணி சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைப்பது நம் கோயில்களின் பழைய வழக்கம். பூட்டு திருடனைத் தடுக்கிறது; அரக்கு, யாரேனும் கை வைத்திருந்தால் காட்டிக்கொடுக்கிறது. பணம் கொண்டுபோகும் துணிப்பையின் ஜிப்பில் மாட்டி, இந்த இரண்டு வேலையையும் செய்யும் மின்னணுப் பூட்டு ஒன்றுக்கு ஒருவர் காப்புரிமை கேட்டால் கொடுக்கலாமா?

நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், அத்துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடிய எதையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. தெரிந்த கருவிகளைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால், 3(எஃப்) பிரிவு அதற்கும் கதவை அடைக்கிறது.

‘எளிதில் தோன்றுமா’ என்ற இந்தச் சோதனை தேவை என்பதற்கு மிர்சாபூர் பாத்திர வழக்கே சான்று. கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951-ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமையைப் பெற்றிருந்தது. தேர்ந்த கைவினைஞர் எவரும் செய்யக்கூடிய பட்டறைத் திருத்தம்தான் இது என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. சோதனை இல்லாவிட்டால், அன்றாடப் பட்டறை அறிவுக்கே ஒருவர் வேலி போட்டுவிடுவார். மற்ற தொழிலாளிகள் தங்கள் சொந்தக் கைப்பழக்கத்துக்கு உரிமைத்தொகை கட்ட நேரும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007-இல் கேஎஸ்ஆர் வழக்கில், வாகன மிதிகட்டையில் மின்னணு உணரியைப் பொருத்தியதை எளிதில் தோன்றக்கூடியது என்றே தீர்த்தது.

அப்படியானால் நம் பூட்டும் தோற்றுவிடுமா? இங்கேதான் சோதனையின் பலவீனம் தெரிகிறது. துணிப்பையைத் திறக்கப் பூட்டைத் தொடவே வேண்டாம். பேனா முனையால் ஜிப்பின் பற்களைப் பிளந்து, பணத்தை எடுத்தபின் பூட்டிய இழுப்பானையே முன்னும் பின்னும் ஓட்டினால் ஜிப் மறுபடி மூடிக்கொள்ளும். மேலும், பை நசுங்கும், குலுங்கும். ஒவ்வொரு குலுக்கலையும் திருட்டென்று குறிக்கும் பூட்டால் பயனில்லை. குலுக்கலையும் நெம்பலையும் பிரித்தறிய ஒருவர் வழி கண்டிருந்தால், அது அரக்கிலும் இல்லை, பழைய பூட்டிலும் இல்லை. ஆனால் விடையைப் பார்த்தபின் எதுவும் எளிதாகவே தெரியும். தீர்ப்பளிப்பவரை இந்தப் பின்னறிவு பிடித்துக்கொண்டால் உண்மையான கண்டுபிடிப்பும் அடிபடும்.

இன்னொரு குறை, அந்தத் ‘தேர்ந்தவர்’ யார் என்பது. பூட்டுத் தொழிலாளியா, மின்னணுப் பொறியாளரா? ஆளை மாற்றினால் விடை மாறும். தாமதமும் சேர்ந்துகொள்கிறது: மிர்சாபூர் காப்புரிமைக்கு அன்றைய சட்டப்படி ஆயுள் 16 ஆண்டு, அதன் தேதியிலிருந்து இறுதித் தீர்ப்பு வர 27 ஆண்டு ஆயிற்று.

ஆகவே சோதனையைத் தளர்த்தக் கூடாது; அதைச் செய்யும் முறையை இறுக்க வேண்டும். முன்பு இருந்தது எது, இப்போது கேட்கப்படுவது எது, முன்னதிலிருந்து பின்னது தேர்ந்தவருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்ற மூன்றையும் ஆணையில் விளக்க வேண்டும் என்று 2022-இல் அக்ரிபோர்டு வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவே சரியான வழி. காரணம் எழுதாமல் ‘இது எளிது’ என்று மறுப்பது, படைத்தவருக்கும் பட்டறைக்காரருக்கும் ஒருசேர இழைக்கும் அநீதி.