தூ ஃபூவின் எழுவாயற்ற தொடரும் தமிழ்ப் பெயரெச்சமும்

சீனத்தின் தாங் பேரரசுக் காலக் கவிஞர் தூ ஃபூ (712–770) அரசுத் தேர்வில் வெற்றி காணாதவர். 755இல் ஆன் லூஷான் தொடங்கிய கிளர்ச்சியால் வாழ்வு சிதைந்தவர். 756இல் தலைநகர் சாங்கான் வீழ்ந்தது. கிளர்ச்சியாளரிடம் அகப்பட்டு அந்நகரில் இருந்த தூ ஃபூ, 757ஆம் ஆண்டு வசந்தத்தில் பாடியது 'வசந்தக் காட்சி'. அடிக்கு ஐந்தாக எட்டடிகளில் நாற்பது சீன எழுத்துகளே கொண்டது இப்பாடல்.

இதன் இரண்டாம் ஈரடி மொழிபெயர்ப்பாளரை இடர்ப்படுத்துவதாகும். மலரும் கண்ணீரும் ஓரடியிலும், பறவையும் நெஞ்சின் அதிர்வும் மற்றோரடியிலும் இணையாக நிற்கின்றன. அழுவது கவிஞரா, மலரா என்று காட்டும் சொல் இல்லை. செவ்வியல் சீனத்தில் வினை இடமும் எண்ணும் காட்டித் திரிவதில்லை. எழுவாயும் தொக்கு நிற்கலாம். எனவே இருவகையாகவும் பொருள்கொள்ள இடமுண்டு. துயரம் ஒருவருடையதா, உலகினுடையதா என வரையறுக்காமையே இவ்வடிகளின் ஆற்றல்.

தமிழ் வினைமுற்றோ இவ்வரையறையை வேண்டுகிறது. 'அழுதேன்' எனின் மலர் வெறும் சூழலாகிறது. 'அழுதன' எனின் கவிஞர் மறைய, அடி தற்குறிப்பேற்றமாகச் சுருங்குகிறது. 'செய்யும்' என்னும் முற்று பால் வேறுபாட்டை ஓரளவு மறைப்பினும், தொல்காப்பிய விதிப்படி தன்மைக்கு வாராது. ஆதலின் அதுவும் கவிஞரை விலக்கிவிடும்.

எஞ்சும் வழி பெயரெச்சம். 'உண்ணும் சாத்தன்', 'உண்ணும் இல்லம்' என வினைமுதலையும் இடத்தையும் ஒரே வடிவம் தழுவும். அவ்வாறே 'அழும் சோலை' என்னும் தொடர், சோலை அழுதலையும் சோலையில் ஒருவர் அழுதலையும் ஒருங்கே குறிக்க வல்லது. வினைமுதற் பொருளே முதலில் தோன்றும் என்பது உண்மை. எனினும் அது குறையன்று. மூலத்திலும் மனித உருவம் தெளிவாகத் தோன்றுவது நரைத்த தலையைக் காட்டும் இறுதி ஈரடியில்தான். அதனைக் கண்ட பின்னரே வாசகர் முன்னைய கண்ணீருக்கு உரியவரைத் தேடித் திரும்புகிறார். இரண்டாம் ஈரடியிலேயே தன்மை விகுதியை அமைக்கும் மொழிபெயர்ப்பு அத்தேடலைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறது.

ஆகவே இங்கு விகுதித் தேர்வு இலக்கணச் சிக்கல் மட்டுமன்று. வீழ்ந்த நகரில் தன் துயரைத் தனதெனக் கூறாது நின்ற கவிஞரின் அடக்கத்தைத் தமிழில் காப்பதா, இழப்பதா என்பதை முடிவுசெய்வதும் அதுவே.