மோஸ்தரும் மனையும்

ஆண்டு முடிவுறும் வேளைகளில், வீட்டலங்காரத்தைப் பொருளாகக் கொண்ட ஏடுகள் ஒரு வகைத் தீர்ப்பினை வழங்குவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. வரும் ஆண்டில் எவை நிலைக்கும், எவை வழக்கொழியும் என்பதே அத்தீர்ப்பு. சாம்பல் நிறச் சுவர் பழசாகிவிட்டது என்பர்; முழு வெள்ளைக் குசினி சலித்துவிட்டது என்பர்; கதவில்லாத தட்டுகளின் காலம் கழிந்தது என்பர். நேற்று வரை இவற்றையே நாகரிகத்தின் உச்சியெனப் புகழ்ந்தவை இவ்வேடுகள்தாம் என்பதை வாசகர் மறந்துவிடுவர் என்ற நம்பிக்கையிலேதான் இத்தொழில் நடைபெறுகின்றது. மேல்நாட்டிலே பிறக்கும் இத்தீர்ப்புகள் கொழும்பு வழியாக யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீடு கட்ட முனையும் குடும்பங்களின் மேசையை வந்தடைகின்றன.

இதனைச் செல்வர்களின் விளையாட்டென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், நம் நாட்டிலே ஓர் ஆசிரியரோ, எழுதுவினைஞரோ, வெளிநாட்டிலே உழைப்பவரோ தமது வாழ்நாட் சேமிப்பையும், பெரும்பாலும் வாழ்நாட் கடனையும் ஒருங்கே கொட்டுமிடம் வீடே. எனவே, ஒரு வீட்டை ‘பழசு’ என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்ற கேள்வி அழகியற் கேள்வி மாத்திரமன்று; அது சமுதாயக் கேள்வியுமாகும்.

ஒரு பொருள் இருவகையிற் பழசாகலாம். பயன்படுத்தித் தேய்ந்து பழசாவது ஒன்று. தேய்வதற்கு முன்னரே, பிறர் சொல்லிப் பழசாவது மற்றொன்று. இவ்வேறுபாட்டினைத் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் வியன்னா நகரக் கட்டடக் கலைஞர் அடோல்வ் லூஸ். 1910ஆம் ஆண்டளவில், அலங்காரமும் குற்றமும் பற்றி அவர் நிகழ்த்திய உரை பின்னர் புகழ்பெற்ற கட்டுரையாயிற்று. ஒரு பொருளின் உருவம், அப்பொருளின் உடல் நிலைத்திருக்கும் காலம் வரையேனும் கண்ணுக்குச் சகிக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பொருள் கெடுமுன்னரே உருவம் சலித்துவிடுமாயின், அதிலே செலவான தொழிலாளியின் உழைப்பு வீணடிக்கப்பட்டதாகும் என்றார். இதே லூஸ், அலங்காரத்தை விரும்பும் மக்களைப் பண்பாட்டில் தாழ்ந்தோரென இழித்துரைத்த ஐரோப்பிய இறுமாப்பும் உடையவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த இறுமாப்பைத் தள்ளி, உழைப்பு விரயமாதல் பற்றிய அவரது கருத்தினை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

இன்றைய நிலை லூஸ் கண்டதிலும் ஒரு படி மேலே சென்றுவிட்டது. அன்று மோஸ்தர் முதலிற் செத்தது; பொருள் பின்னர் செத்தது. இன்றோ இரண்டும் ஒன்றாகச் சாகுமாறு பொருளே ஆக்கப்படுகின்றது. மரத்தூளை அழுத்திச் செய்த அலுமாரிப் பலகை சில மாரிகளின் ஈரத்திலே ஊதிப் பிளக்கின்றது. அதற்கிடையில் அதன் நிறமும் வழக்கொழிந்துவிடுவதால், பலகையின் குற்றத்தை எவரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் தமது இரசனையின் குற்றமென்றே எண்ணிப் புதியதை வாங்குகின்றார். வைரம் பாய்ந்த பனையிலே அறுத்த தீராந்தியும் சிலாகையும் தலைமுறைகளைத் தாங்கிய மண்ணிலேதான் இது நிகழ்கின்றது.

அண்மையில் வழக்கொழிவதாகக் கூறப்படும் மோஸ்தர்களுள் அமெரிக்கப் ‘பண்ணை வீட்டுப் பாணி’யும் ஒன்று. தானியம் சேமிக்காத குடும்பம் களஞ்சியக் கதவினைத் தன் படுக்கையறைக்குப் பொருத்திக்கொண்டது. இதைக் கண்டு நகைக்குமுன், நம் நாட்டு உல்லாச விடுதிகளின் முகப்பை நோக்குவோம். ஆங்கே அம்மியும் உரலும் பூச்சாடிகளாய் நிற்கின்றன. அம்மியில் அரைத்த கைகளின் காய்ப்பு எவர் நினைவிலும் இல்லை. உழைப்பின் கருவி உழைப்பிலிருந்து பிரிக்கப்பட்டதும் அலங்காரப் பண்டமாகின்றது. மோஸ்தரின் அடிப்படை விதி இதுவே எனலாம்.

இவ்விடத்தில் நமது பழைய வீட்டினைப் பற்றிக் கூற வேண்டும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு காலநிலையை அறிந்த வீடு. நடுமுற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழும். தாவாரம் சுவரை வெயிலினின்றும் மழையினின்றும் காக்கும். ஓட்டின் இடைவெளிகளூடே கூரை மூச்சு விடும். மின்விசிறி அறியாத காலத்தில் மனிதர் சித்திரை வெயிலை அவ்வீடுகளிலே கழித்தனர். இவ்வறிவு பல தலைமுறைத் தச்சரும் மேசன்மாரும் கைவழியாகத் தேடிய செல்வம்.

ஆயினும், பழமையை எண்ணிக் கண்ணீர் வடிப்பது நமது நோக்கமன்று. அவ்வீட்டின் அமைப்பு காற்றுக்கு வழிவிட்டது போல மனிதருக்கு வழிவிடவில்லை. படலையோடு நிற்க வேண்டியவர் யார், முற்றம் வரை வரத்தக்கவர் யார், திண்ணையில் அமரத்தக்கவர் யார், உள்ளே புகத்தக்கவர் யார் என்பதையெல்லாம் அவ்வீடு தனது வாசல்களால் எழுதி வைத்திருந்தது. அது சாதியமைப்பின் வரைபடமுமாகும். புகை படிந்த அடுக்களையிலே பெண்ணின் வாழ்நாளைக் கழிக்கச் செய்ததும் அவ்வீடே. காற்றோட்டத்தைப் புகழும் கட்டுரையாளர் இதனை மறைப்பாராயின், அவர் பாதி உண்மையையே கூறுகின்றார்.

இதனாலேதான் சீமெந்து வீட்டின் வருகையை வெறும் மோஸ்தரென நாம் கொள்வதில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போர் காரணமாக மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே வடபுலத்துக் கிராமங்களின் தோற்றம் மாறியது. பிறர் காணியிற் குடியிருந்தவனுக்குக் கிடுகுக் கொட்டிலே விதிக்கப்பட்ட வீடு. காணிக்காரன் எழும்பச் சொன்ன நாளில் எழும்ப வேண்டியவன் அத்திவாரம் போடுவது எவ்வாறு? கிடுகும் மண்சுவரும் இயற்கையோடு இயைந்தவை என இன்று பாராட்டுவோர், ஆண்டுதோறும் கூரை வேயும் செலவையும், மாரியிற் கரையும் சுவரையும், ஒரு பொறியிலே சாம்பலாகும் குடிமனையையும் அறியாதவர். அத்தகைய குடும்பமொன்று தனக்கென்று காணி பெற்று, சீமெந்துக் கல்லரிந்து முதற்சுவரை எழுப்பிய நாள், மோஸ்தர் மாறிய நாளன்று. மனிதன் நிமிர்ந்த நாள்.

ஆனால் விடுதலையின் சின்னமாக வந்த பொருளையே வணிகம் வேறொன்றாக மாற்றிவிடுகின்றது. 2009இல் போர் முடிந்த பின்னர் வெளிநாட்டுப் பணத்தால் எழுந்த மாடி வீடுகள் பலவற்றை நாம் காண்கின்றோம். தட்டையான கொங்கிறீற்றுக் கூரை பகல் வெப்பத்தைச் சேமித்து இரவிலே வீட்டினுள் உமிழ்கின்றது. மேற்கு நோக்கிய கண்ணாடிச் சுவர் மாலை வெயிலை வரவேற்கின்றது. குளிர் நாட்டிலே சூரியனை உள்ளே அழைக்க எழுந்த ஏற்பாடு, சூரியனுக்கு அஞ்சி வாழும் நாட்டிலே கௌரவமாகிவிட்டது. பின்னர் அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டி வாங்கப்படுகின்றது. பல அறைகள் பூட்டிக் கிடக்க, முதிய தாயொருத்தி முன் விறாந்தையிலே தனித்திருக்கும் காட்சி நமக்குப் புதியதன்று. அவ்வீடுகளைக் கட்டியோரை நாம் பழிக்கவில்லை. ஊரை விட்டு ஓட நேர்ந்தவன் ஊரிலே தன் பெயரை நிறுத்த விழைவது இயல்பே. அவ்விழைவைக் காசாக்கும் சந்தையையே குறை கூறுகின்றோம்.

திறந்த குசினியை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் காணுமாறு பளபளக்கும் ‘பான்றி’ முன்னே அமைகின்றது. ஆனால் மிளகாய் வறுக்கவும் மீன் பொரிக்கவும் பின்புறத்திலே இன்னொரு குசினி, பெரும்பாலும் தகரச் சார்ப்பாக, எழுகின்றது. முன்னது காட்சிக்கு, பின்னது உழைப்புக்கு. திறந்த குசினி பெண்ணைச் சுவருக்குப் பின்னாலிருந்து வீட்டின் நடுவுக்குக் கொணரும் என்று கூறப்பட்டது. நடைமுறையிலோ அவள் துடைக்க வேண்டிய இடம் ஒன்றுக்கு இரண்டாயிற்று. சமையலைப் பகிர்ந்துகொள்ளாத குடும்பத்திலே சுவரை இடிப்பதால் மாத்திரம் சமத்துவம் வந்துவிடாது.

இம்மோஸ்தர்கள் எத்துணை மெல்லிய நூலிலே தொங்குகின்றன என்பதை 2022ஆம் ஆண்டின் நெருக்கடி காட்டியது. 2021இல் ஏறத்தாழ 1,000 ரூபாவுக்கு விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022இல் 3,000 ரூபா அளவுக்கு உயர்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அந்நாட்களிலே கண்ணாடி வீடுகளில் வாழ்ந்தோர் மரநிழலைத் தேடி வெளியே வந்தனர். பழசு என்று தள்ளப்பட்ட ஓட்டு வீட்டின் விறாந்தை அன்று புதுமையாகத் தோன்றியது.

தேவையிலிருந்து பிறந்த அழகும் நம் நாட்டிலே இல்லாமலில்லை. 1960களின் தொடக்கத்தில், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தே, ஜெஃப்ரி பாவா கொழும்பிலே ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு ஓட்டையும் கல்லையும் மரத்தையும் நடுமுற்றத்தையும் கொண்டே புதுமை செய்தது. ஆனால் அப்பாணியின் பிற்காலக் கதை நமக்குப் பாடமாகும். நடுமுற்றமும் தாவாரமும் உல்லாச விடுதிகளின் விலைச்சரக்காயின. ஈனா டி சில்வாவின் வீடோ கொழும்பு நிலத்தின் விலையேற்றத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு லுணுகங்கையிலே மீண்டும் நிறுவப்பட்டது. இன்று அதனைக் காணலாம். அதிலே எவரும் குடும்பம் நடத்துவதில்லை.

இதனிலும் நம் கவனத்துக்குரியது மினெற் டி சில்வாவின் பணி. கண்டிக்கு அண்மையில், 1950களின் பிற்பகுதியில், வட்டப்புளுவை வீடமைப்புத் திட்டத்தை அமைத்தபோது, அங்கு குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்து வழங்கி, அவர்களது வாழ்க்கை முறையையும் தேவைகளையும் கேட்டறிந்தே வீடுகளை வரைந்தார். நாடறிந்த மோஸ்தராக அது ஒருபோதும் ஆகவில்லை. ஏனெனில், மக்களைக் கேட்டல் என்பது விற்கத்தக்க பண்டமன்று.

மக்களைக் கேளாமற் கட்டுவதன் விளைவை அண்மைக்காலத்திலும் கண்டோம். போரால் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கென 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டு, 2016இல் பெரும் விவாதத்துக்குள்ளானது. அவற்றின் செலவு கல்வீட்டின் செலவிலும் மிகுதி என்பதையும், வெப்பத்துக்கு அவை ஒவ்வாதவை என்பதையும், உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் அதிலே வேலையில்லை என்பதையும் பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் எடுத்துக்காட்டினர். முன்மொழிந்த வடிவிலே அத்திட்டம் நிறைவேறவில்லை. எதிர்ப்புக் குரல் எழுந்தமையாலேயே ஒரு மோஸ்தர் பிறக்குமுன் வழக்கொழிந்தது.

அவ்வாறாயின், உண்மையிலே வழக்கொழிய வேண்டியவை எவை? முதலாவது அஸ்பெஸ்ரஸ் கூரை. அதன் எல்லா வகைகளும் புற்றுநோயை விளைப்பவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதன் இறக்குமதிக்கு 2018 ஜனவரி முதல் கட்டுப்பாடு விதிக்க அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், நமது தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதெனக் கூறி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்ரஸ் அனுப்பும் முதன்மையான நாடும் ரஷ்யாவே. சில நாட்களில் நமது அரசு கட்டுப்பாட்டைப் பின்போட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. தற்செயல் என்போர் என்க. ஏழையின் கூரையை நிர்ணயிப்பது ஏழையின் இரசனையன்று என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, அத்தேயிலையைக் கொய்யும் மக்களின் லயன். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான காம்பராவிலே ஒரு குடும்பம் முழுவதும் உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்தது. வெள்ளைத் துரைமார் தொழிலாளரைக் கணக்கெடுக்கவும் கண்காணிக்கவும் வசதியாக அமைத்த அவ்வரிசைகளிலே இன்றும் பெருந்தொகையானோர் வாழ்கின்றனர். 1867இல் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கியதிலிருந்து எத்தனையோ மோஸ்தர்கள் வந்து போயின. துரையின் பங்களா பன்முறை வர்ணம் மாறியது. பின்னர் உல்லாச விடுதியுமாயிற்று. லயன் மாத்திரம் எந்த ஏட்டின் பட்டியலிலும் ‘வழக்கொழிய வேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ் இடம்பெறவில்லை. மோஸ்தர் மாறாத ஒரே வீடு வறியவனின் வீடாகும்.

வீட்டுப் பிரச்சினை பற்றி 1872இல் எழுதிய ஏங்கெல்ஸ், இச்சமுதாய அமைப்பு அப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குத் தள்ளுகின்றது என்று விளக்கினார். கொழும்பின் சேரிகள் அகற்றப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்படும் இக்காலத்திலும் அவ்விளக்கம் பொருந்துகின்றது.

அழகை நாம் வெறுக்கவில்லை. உழைத்து வந்தவன் கண்ணுக்கு இதமான நிறத்தைத் தன் சுவருக்குப் பூசுவது அவன் உரிமை. ஆனால் அந்நிறத்தை அடுத்த ஆண்டிலே அவமானமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்களிலே வீடுகளை அளந்து பார்க்கட்டும்: எவ்வீடு எப்பொருளால், எவர் உழைப்பால், எவ்வளவு கடனால் எழுந்தது? சித்திரை நண்பகலில் அதனுள்ளே இருக்க முடிகின்றதா? யார் எதுவரை உள்ளே வரலாம்? குசினியில் நிற்பவர் யார்? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டே எது பழசு, எது புதிது என்று நாம் தீர்மானிப்போம். காற்றும் வெளிச்சமும் கொண்டதாய், எவரையும் படலையோடு நிறுத்தாததாய், உறுதியான காணியிலே நிற்கும் வீடு எந்நாளும் வழக்கொழியாது. அத்தகைய வீடு எல்லார்க்கும் கிடைக்கும் நாளிலே, வழக்கொழியத்தக்க பட்டியலிலே முதலிடம் பெறுவது மோஸ்தரே.