காணாத நிலத்தின் பாட்டு

பிரிட்டிஷ் பாடகரும் பியானோ கலைஞருமான எல்டன் ஜானின் ‘டம்பிள்வீட் கனெக்ஷன்’ (1970) இசைத்தட்டின் அட்டையில் ஒரு பழைய ரயில் நிலையம். அமெரிக்கச் சிற்றூர் என்றுதான் தோன்றும். படம் எடுத்த இடமோ இங்கிலாந்தின் சஸெக்ஸிலுள்ள ஹார்ஸ்டெட் கீன்ஸ். தட்டுக்குள் ஒலிக்கும் அமெரிக்காவும் லண்டனின் ட்ரைடென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்ததே. பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய பெர்னி டாப்பின் லிங்கன்ஷயர் கிராமத்துப் பிள்ளை. எழுதியபோது இருபது வயது நிரம்பாதவர். அமெரிக்காவை அதுவரை கண்ணால் கண்டதில்லை. மார்ட்டி ராபின்ஸின் துப்பாக்கிவீரர் கதைப்பாடல்களும், ‘தி பேண்ட்’ குழுவின் ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ (1968) தொகுப்பும் தந்த கேள்வி ஞானமே அவருடைய கைமுதல்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒதுக்கிவிடலாமா? வெளியாள் என்பதே குறையாகிவிடாது. தி பேண்டின் ஐவரில் நால்வர் கனடாக்காரர்கள். ஆனால் ஐந்தாமவர் லெவன் ஹெல்ம், அமெரிக்கத் தென்பகுதியிலுள்ள ஆர்கன்சா மண்ணில் பிறந்தவர். அந்தத் தென்பகுதி ஊர்களில் ஊர் ஊராக வாசித்துத் திரிந்த பழக்கமும் அவர்களுக்கு உண்டு.

டாப்பினுக்கு அந்த நேரடிப் பழக்கம் வாய்க்காததன் விளைவு ‘மை ஃபாதர்ஸ் கன்’ பாடலில் தெரிகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட தென்தரப்பு வீரனின் மகன், தந்தையின் துப்பாக்கியை ஏந்துகிறான். துக்கமும் வீறாப்பும் இருக்கின்றன. போருக்கு வேரான அடிமைமுறை இல்லை. மகன் அதைப் பேசாமலிருக்கலாம். அவன் பேசாததைக் கேட்பவருக்கு உணர்த்தப் பாட்டும் முயலவில்லை. ‘கன்ட்ரி கம்ஃபர்ட்’ அப்படியல்ல. ஆலைக்கு வந்த புது இயந்திரம் ஆட்களின் வேலையைப் பறிப்பது லிங்கன்ஷயரிலும் நடக்கக்கூடியது. அங்கே டாப்பினின் சொல்லில் ஒட்டாத தன்மை இல்லை.

சொல் தடுமாறும் இடங்களைப் பெரும்பாலும் இசை தாங்குகிறது. ‘பர்ன் டவுன் த மிஷன்’ அடங்கிய பியானோவில் தொடங்கி, சுருதி மாறி மாறி ஏறி, பால் பக்மாஸ்டரின் வாத்தியக் கோவையோடு கலவரமாக வெடிக்கிறது. ஏழைகளின் கொதிப்பைச் சொல்வது அதன் வரிகளைவிட எல்டனின் விரல்கள்தான். அந்த வாசிப்பில் ஒலிக்கும் கோஸ்பெல் என்ற அமெரிக்கக் கறுப்பினத் தேவாலய இசையை அவரும் தொலைவிலிருந்து கேட்டுத்தான் கற்றார்; ஆனால் கேள்வியால் வரும் கலைதானே இசை.

தொகுப்பின் உச்சம் ‘கம் டவுன் இன் டைம்’. ஹார்ப்பும் ஓபோவும் இழையும் அந்தக் காதல் பாட்டில் துப்பாக்கியும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. வேடத்தைக் கழற்றிய இடத்தில்தான் இந்த இசைத்தட்டு முழுமையாக நிற்கிறது.