இவாலிஸின் கூலி வீரர்கள்

டார்ட்டர் நகரத்துச் சேரிச் சண்டையில் தோற்காமல் 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்' ஆட்டத்தைக் கடந்தவர்கள் மிகக் குறைவு. ஆட்டம் தொடங்கி அதிக நேரம்கூட ஆகியிருக்காது. நம் பக்கம் இருப்பவர்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்த இளவட்டங்கள். எதிரே, ஏறிப் போகவே இரண்டு மூன்று முறை காத்திருக்க வேண்டிய கூரையின்மேல் ஒரு வில்லாளி நிற்பான். கீழே தெருமுனையில் கறுப்பு மந்திரவாதிகள். வாளை உருவிக்கொண்டு நேராக ஓடினால், பாதி வழியில் மேலிருந்து அம்பும் முன்னாலிருந்து நெருப்பும் சேர்ந்து விழும். முதல் முறை எல்லோரும் நேராகத்தான் ஓடுவார்கள்.

இந்த ஆட்டத்தை ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக 1997 ஜூன் 20 அன்று ஜப்பானில் வெளியிட்டது. அமெரிக்காவுக்கு 1998 ஜனவரியில் வந்தது. எழுதி இயக்கியவர் யசுமி மட்சுனோ. குவெஸ்ட் என்ற சிறிய நிறுவனத்தில் 'டாக்டிக்ஸ் ஓகர்' செய்து முடித்துவிட்டு ஸ்கொயருக்கு வந்தவர். சண்டை முறையை வடிவமைத்தவர் ஹிரோயுகி இட்டோ. நான்காம் ஃபைனல் ஃபேன்டஸியில் காலம் ஓட ஓட நடக்கும் சண்டை முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இட்டோவுக்குக் காலத்தின்மீது இருந்த அந்தப் பிடிப்பு இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு அசைவிலும் தெரியும்.

எப்படி என்று ஓர் இடத்தைக் காட்டுகிறேன். மந்திரவாதி நெருப்பு மந்திரத்தைச் சொல்லத் தொடங்குகிறார். அது உடனே விழாது. அவர் ஜபித்து முடிப்பதற்குள் வேறு பலருடைய முறை வந்து போகும். மந்திரத்தை ஒரு கட்டத்தின்மீது குறிவைக்கலாம், அல்லது ஓர் ஆளின்மீது குறிவைக்கலாம். கட்டத்தைக் குறிவைத்தால் எதிரி நகர்ந்துவிடுவான்; நெருப்பு வெறுந்தரையில் விழும். ஆளைக் குறிவைத்தால் நெருப்பு அவன் போகுமிடமெல்லாம் போகும். ஆனால் அவன் நம்முடைய ஆட்களுக்கு நடுவே வந்து நின்றுவிட்டால்? நம் மந்திரவாதி மூட்டிய தீயில் நம் ஆட்களே கருகுவார்கள். ஒரே ஒரு தேர்வுதான். அதற்குள் காலம், இடம், எதிரியின் மனம் மூன்றையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இதன்மேல் உயரம் இருக்கிறது: மேட்டில் நிற்கும் வில்லாளியின் அம்பு கூடுதல் தூரம் போகும். திசை இருக்கிறது: கேடயம் முன்னாலும் பக்கவாட்டிலும்தான் காக்கும், முதுகுக்குக் காவல் கிடையாது. ஆகவே ஒருவரை நகர்த்தி முடித்ததும் அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்கும். அந்தச் சின்னக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லப் பழகியவருக்கு டார்ட்டர் கூரை பிறகு பெரிய விஷயமில்லை.

ஜப்பானின் ஃபமிட்சு இதழ் இதற்கு 40க்கு 34 கொடுத்தது. நல்ல மதிப்பெண்தான், கொண்டாட்டம் என்று சொல்ல முடியாது. மட்சுனோவின் அடுத்த ஆக்கமான 'வேக்ரன்ட் ஸ்டோரி'க்கு 2000-இல் அதே இதழ் 40க்கு 40 அள்ளிக் கொடுத்தது. இன்றைக்கு இரண்டில் எதை அதிகம் பேர் மறுபடி மறுபடி ஆடுகிறார்கள் என்று கேட்டால் பதில் டாக்டிக்ஸ்தான். அந்நாளைய விமர்சகர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழாம் ஃபைனல் ஃபேன்டஸி வெளிவந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எல்லோர் கண்ணிலும் அதன் முப்பரிமாணக் காட்சிகள் நிறைந்திருந்தன. இங்கேயோ அகிஹிகோ யோஷிதா வரைந்த, மூக்கே இல்லாத முகங்களோடு கட்டை விரல் உயர மனிதர்கள். இதைப் பின்னடைவு என்று நினைத்தவர்கள் உண்டு. எனக்கு அந்த மூக்கில்லா முகங்கள்மேல் தீராத பிரியம். தலையைத் தாழ்த்துவதும், திரும்பி நிற்பதும், மண்டியிடுவதும் மட்டுமே அந்தப் பொம்மைகளுக்குக் கைவரும். அதை வைத்துக்கொண்டே துரோகத்தையும் குற்ற உணர்வையும் காட்டியிருக்கிறார்கள். ஹிட்டோஷி சகிமோட்டோவும் மசஹாரு இவாட்டாவும் அமைத்த இசை மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

அமெரிக்க விமர்சகர்கள் சண்டையின் ஆழத்தையும் கதையின் கனத்தையும் மனம்விட்டுப் பாராட்டினார்கள். திடீர் திடீரென்று ஏறும் கடினத்தையும் ஆங்கில உரையையும் கண்டித்தார்கள். உரை விஷயத்தில் அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆட்டத்தைக் கற்றுத்தரும் பகுதியிலேயே பொருள் விளங்காத வாக்கியங்கள் இருந்தன. ஒரு சண்டையில், எதிரே நிற்பவனை விட்டுவிட்டு அவனுடைய அண்ணனை வீழ்த்தச் சொல்லும். வீழ்த்த வேண்டியவன் எதிரே நிற்பவன்தான். அவன் நாயகனின் அண்ணன். இத்தனை அரசியல் சிக்கல் உள்ள கதைக்கு அந்த உரை செய்தது அநியாயம். அப்படியிருந்தும் அந்தக் கதை ஆடியவர்களைப் பிடித்துக்கொண்டது.

கதை இது. இவாலிஸ் நாட்டுக்கு ஐம்பதாண்டுப் போர் ஒன்று தோல்வியில் முடிந்திருக்கிறது. அதில் ரத்தம் சிந்திய சாமானிய வீரர்களுக்குக் கூலி கொடுக்காமல் அரசு அனுப்பிவிட்டது. வயிற்றுக்கில்லாமல் அவர்கள் கலகக்காரர்கள் ஆகிறார்கள். அவர்களை ஒடுக்கப் புறப்படுகிறான் பிரபுக் குலத்துப் பிள்ளை ராம்ஸா. உடன் வருகிறவன் டெலிடா, அதே வீட்டில் வளர்ந்த, குலமற்ற நண்பன். கலகக்காரர்களில் மில்யூடா என்ற பெண், தங்களையும் மனிதர்களாக எண்ணாத பிரபுக்களைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறாள். அவளை நாம்தான் கொல்கிறோம். ராம்ஸாவோடு வந்த ஆல்கஸ் என்ற நொடித்துப்போன பிரபு வீட்டுப் பையன், சாமானியர் மனிதரே இல்லை என்று வாய்கூசாமல் சொல்கிறவன். முதல் அத்தியாயத்தின் முடிவில் டெலிடாவின் தங்கை டீட்டாவைக் கலகக்காரர்கள் பணயமாகப் பிடித்திருக்கிறார்கள். ராம்ஸாவின் அண்ணன் ஆணையிட, ஆல்கஸின் அம்பு முதலில் அவள்மேல்தான் பாய்கிறது. அங்கே பிரிகின்ற நண்பர்களில் டெலிடா பிற்காலத்தில் அரசனாகிறான். ராம்ஸா மதத் துரோகி என்று முத்திரை குத்தப்பட்டு வரலாற்றிலிருந்தே அழிக்கப்படுகிறான். இந்த முழுக்கதையையும் பல நூற்றாண்டுகள் கழித்து, மறைக்கப்பட்ட ஏடுகளை வைத்து ஒரு வரலாற்றாசிரியர் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விமர்சகர்கள் இந்தப் பெயர்களைப் பற்றித்தான் எழுதினார்கள். ஆடியவர்களிடம் பேசிப் பாருங்கள், அவர்கள் வேறு பெயர்களைச் சொல்வார்கள். எந்தக் கதைச் சுருக்கத்திலும் இல்லாத பெயர்கள். ஊர்களில் ஆள்சேர்க்கும் நிலையத்தில் காசு கொடுத்துச் சேர்க்கும் கூலி வீரர்களின் பெயர்கள் அவை. கணினி தற்செயலாகச் சூட்டிய பெயரும், ஒரே அச்சு முகமும், வீரம் இவ்வளவு விசுவாசம் இவ்வளவு என்று இரண்டு எண்களும்தான் அவர்களுக்கு உண்டு. வேதியராகவும் வில்லாளியாகவும் துறவியாகவும் நின்ஜாவாகவும் இருபது தொழில்களில் நாம் விரும்பியதை அவர்களுக்குக் கற்பிக்கலாம். ஒரு தொழிலில் கற்றதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். யாராவது வீழ்ந்தால் தலைக்குமேல் மூன்று என்ற எண் தோன்றும். அது ஒவ்வொரு முறையும் குறையும். அதற்குள் எழுப்பாவிட்டால் அவர் ஒளிக்கல்லாகவோ பெட்டகமாகவோ மாறிப்போவார், மீண்டும் வரமாட்டார். விசுவாசம் அளவு மீறி ஏறிவிட்டால் கடவுளைத் தேடிப் படையை விட்டே போய்விடுவார். இப்படி வளர்த்த ஆளை இழக்கும்போது வருகிற வருத்தம், எழுதிவைத்த வசனத்தால் வருவதில்லை.

நான்காம் அத்தியாயத்தில் ஓர்லாண்டு வருகிறார். இடிக்கடவுள் சிட் என்று பெயரெடுத்த கிழச் சிங்கம். அவருடைய வாள்வீச்சுக்குக் காத்திருப்பு கிடையாது, குறி தப்பாது, எட்டவே நின்று அடிக்கலாம். கையிலிருக்கும் வாளோ அவரை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டும். விமர்சகர்களும் ஆடுபவர்களும் ஒரே குரலில் சொல்லும் குறை இது: அவர் வந்தபின் ஆட்டத்தின் சமநிலை குலைகிறது. நானும் அதையே சொல்வேன், ஆனால் என் வருத்தம் எண்களைப் பற்றியது இல்லை. களத்தில் பெரும்பாலும் ஐந்து பேருக்குத்தான் இடம். பெருங்குடிப் பெயரோடு வரும் வீரர் ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு, டார்ட்டர் கூரையிலிருந்து நம்மோடு வந்த கூலி வீரர் ஒவ்வொருவராகப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. சாமானியரை மிதித்துப் போகும் பிரபுக்களைக் கண்டிக்கிற கதை, தன் விதிகளால் நம்மை அதையே செய்ய வைக்கிறது. மட்சுனோவும் இட்டோவும் இதைத் திட்டமிட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆடியவர்களில் ஒரு கூட்டம் இதற்குச் செயலால் பதில் சொன்னது. பெயர்பெற்ற மாவீரர்கள் யாரும் வேண்டாம். ராம்ஸாவும் நான்கு கூலி வீரர்களும் போதும். ஐந்து பேரும் ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே தொழில்தான் செய்ய வேண்டும் என்று தங்களுக்கே நிபந்தனை போட்டுக்கொண்டார்கள். ஐந்து வேதியர்கள், ஐந்து வில்லாளிகள், ஐந்து திருடர்கள். மருந்துப் பையைத் தவிர வேறொன்றும் தெரியாத ஐவர் உலகத்தை அழிக்க வந்த பூதங்களை எதிர்கொள்ளும்போதுதான் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு யோசித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது புலப்படுகிறது. இதைவிட நுட்பமான விமர்சனம் இந்த ஆட்டத்துக்கு எழுதப்படவில்லை.

ஒரு விமர்சகருக்குக் கிடைப்பது சில நாட்கள் அல்லது வாரங்கள். கணக்கர் என்ற தொழில் அவர் கண்ணில் படுவதற்குள் கட்டுரை அச்சுக்குப் போய்விடும். நகர்வதற்கே ஆமை வேகம் கொண்ட தொழில் அது. ஆனால் கணக்கர், நிற்கும் உயரம் மூன்றின் மடங்காக உள்ள எல்லோர்மீதும், அல்லது நிலை பகா எண்ணாக உள்ள எல்லோர்மீதும், காத்திருப்பின்றி மந்திரத்தை ஏவலாம். நண்பர், பகைவர் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. ஆகவே ஆடுபவர்கள் தெய்வ ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் அங்கியைத் தங்கள் ஐவருக்கும் அணிவித்துவிட்டு அந்த ஒளியைக் களம் முழுக்கப் பொழிந்தார்கள். எதிரி சாகிறான், நம்மவருக்குக் காயம் ஆறுகிறது. இதை ஓட்டை என்பார்கள் சிலர். தேடியவருக்குப் புதையல் வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாக் கண்டனத்தையும் நான் தள்ளவில்லை. ரியோவானஸ் கோட்டையை நினைத்தால் இன்றும் கோபம் வரும். அங்கே தொடர்ச்சியாக மூன்று சண்டைகள். நடுவே சேமித்துக்கொள்ளலாம், ஆனால் வெளியேற வழியில்லை. இரண்டாவது சண்டையில் ராம்ஸா தன்னந்தனியாக வீக்ராஃபோடு மோத வேண்டும். மில்யூடாவின் அண்ணன், ஒருகாலத்தில் ஏழைகளுக்காக வாளெடுத்தவன், இப்போது பூதத்துக்குத் தன்னை விற்றவன். தயாராகாமல் வந்து, ஒரே சேமிப்பை வைத்திருந்தவர்கள் ஆட்டத்தையே முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சிலர் ஓர் உபாயம் கண்டார்கள்: ஓடிக்கொண்டே ராம்ஸாவைக் கத்தவைத்து வேகத்தைக் கூட்டிக்கூட்டி, எதிரிக்கு ஒரு முறை வருவதற்குள் தனக்குப் பல முறை வரும்படி செய்தார்கள். உபாயம் அழகானதுதான். அதற்காக அந்தப் பொறியை நான் மன்னிக்க மாட்டேன். கடினம் வேறு, கதவைச் சாத்துவது வேறு.

2007-இல் கையடக்க பிஎஸ்பி கருவிக்கு 'தி வார் ஆஃப் தி லயன்ஸ்' என்ற பெயரில் மறுபதிப்பு வந்தது. ஜோசப் ரீடரும் டாம் ஸ்லாட்டரியும் ஆங்கில உரையைப் பழமைச் செறிவோடு புதிதாக எழுதினார்கள். பத்தாண்டுக் குறை தீர்ந்தது. ஆனால் மந்திரம் ஏவும்போதெல்லாம் காட்சி தள்ளாடி நகர்ந்தது. அதைச் சரிசெய்யும் திருத்தங்களை ரசிகர்களே எழுதிக்கொண்டார்கள்.

2025 செப்டம்பர் 30 அன்று 'தி இவாலிஸ் குரோனிக்கிள்ஸ்' வெளிவந்தது. இயக்கியவர் கசுடோயோ மஎஹிரோ, மூல ஆட்டத்திலேயே வேலை செய்தவர். மூல நிரல் பாதுகாக்கப்படாமல் போனதால் பழைய பதிப்புகளைப் பார்த்துப் பார்த்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாகத் தொகுத்து வைத்திருந்த குறிப்புகளையும் படைப்பாளர்கள் தேடிப் படித்தார்கள். ரசிகர்கள் சேர்த்த ஏடு படைத்தவருக்கே உதவியதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. வசனங்களுக்குக் குரல் வந்தது. யாருடைய முறை எப்போது என்று வரிசையாகத் தெரிகிறது. தொடர்சண்டைகளின் நடுவே வெளியே போய்வர முடிகிறது. ரியோவானஸ் பொறி ஒழிந்தது. 2007 பதிப்பில் சேர்த்த பாத்திரங்களைக் கொண்டுவரவில்லை என்று பலர் குறைபட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வேறு கதையிலிருந்து வந்த விருந்தாளிகள் அவர்கள். படையில் சேர்ந்தபின் வாய்திறக்காதிருந்த அக்ரியஸ் என்ற வீராங்கனை போன்றோர் இப்போது சண்டைகளுக்கு நடுவே பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

முதல்முறை ஆடப்போகிறவர்களுக்கு நான் சொல்வது: புதிய பதிப்பென்றால் நடுத்தரக் கடினத்தை எடுங்கள். பழைய பதிப்பென்றால் ரியோவானஸ் கோட்டைக்குள் நுழையுமுன் தனியாக ஒரு சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஓர்லாண்டு வந்து சேர்ந்தாலும், தொடக்கத்தில் காசு கொடுத்துச் சேர்த்த ஆட்களில் இருவரையாவது கடைசிச் சண்டைவரை கூடவே கூட்டிப்போங்கள்.